ஐஸ்லாந்தில் வாடகைக் காரில் சுற்றுச்சாலைப் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐஸ்லாந்தைச் சுற்றி ஓடும் ஒன்றாம் எண் நெடுஞ்சாலை ஏறத்தாழ 1,320 கி.மீ. நீளம். அதை 'ரிங் ரோடு' என்கிறார்கள். கெஃப்லவீக் விமான நிலையத்தில் கார் எடுத்து, ஒரு சுற்று சுற்றி, அங்கேயே விட்டுவிடுவது வழக்கமான திட்டம். இந்திய உரிமத்தோடு போகிறவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறோம். இங்கே பெரும்பாலும் பணம் போவது பெரிய விபத்தால் அல்ல. காற்று, ஜல்லி, ஆற்றுத் தண்ணீர், படிக்காமல் கையெழுத்திட்ட ஒப்பந்தம் ஆகியவற்றால்தான் போகிறது. அதனால் அவற்றுக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

இந்திய ஓட்டுநர் உரிமம் போதுமா? சர்வதேச அனுமதி எடுக்க வேண்டுமா?

உரிமத்தில் ஆங்கில எழுத்து, படம், எண், காலாவதித் தேதி எல்லாம் இருந்தால் சுற்றுலாப் பயணி அதை வைத்தே ஓட்டலாம். தமிழ்நாட்டு ஸ்மார்ட் கார்டு உரிமத்தில் இவை இருக்கின்றன. ஆனாலும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியான ஐடிபியை எடுத்துக்கொண்டு போவதே நல்லது. சில வாடகை நிறுவனங்கள் தங்கள் விதிமுறைகளில் அதைக் கேட்கின்றன. கவுண்டரில் நிற்கும்போது அது இல்லையென்றால் முன்பதிவுப் பணமும் போய், வண்டியும் கிடைக்காமல் போகலாம்.

ஐடிபிக்குப் பரிவாகன் தளத்தில் விண்ணப்பிக்கலாம், அல்லது உங்கள் பகுதி ஆர்டிஓ அலுவலகத்துக்கு நேரே போகலாம். படிவம் 4ஏ, உரிமம், பாஸ்போர்ட், விசா, டிக்கெட் நகல் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். கட்டணம் 1,000 ரூபாய், ஓராண்டு செல்லும். விசா கையில் வந்தபிறகுதான் விண்ணப்பிக்க முடியும் என்று பல அலுவலகங்களில் சொல்வார்கள், அதற்கான நாட்களைக் கணக்கில் வையுங்கள். ஐடிபி தனியாகச் செல்லாது, அசல் உரிம அட்டையும் கூடவே வேண்டும். டிஜிலாக்கரில் இருக்கும் உரிமத்தை அங்கே யாரும் ஏற்கமாட்டார்கள். இலங்கை உரிமம் வைத்திருப்பவர்களுக்கு ஐடிபி வழங்குவது சிலோன் ஆட்டோமொபைல் சங்கம்.

வயது வரம்பு உண்டா?

சிறிய கார்களுக்கு 20 வயது, நான்கு சக்கர இயக்க வண்டிகளுக்கு 23 வயது என்பது பொதுவான வரம்பு. சில பெரிய ஜீப்புகளுக்கு 25. உரிமம் எடுத்து ஓராண்டாவது ஆகியிருக்க வேண்டும். மாற்றி மாற்றி ஓட்டப் போகிறீர்கள் என்றால் இரண்டாவது ஓட்டுநரின் பெயரையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். பெயர் இல்லாதவர் கையில் வண்டி இருக்கும்போது இடித்தால் எந்த இன்சூரன்ஸும் நிற்காது.

டெபிட் கார்டு, ஃபாரெக்ஸ் கார்டு போதுமா?

முதன்மை ஓட்டுநரின் பெயரிலேயே உள்ள கிரெடிட் கார்டு வேண்டும். மனைவியின் கார்டைக் காட்டிக் கணவர் வண்டி எடுக்க முடியாது. டெபாசிட் தொகையை நிறுவனம் கார்டில் பிடித்துவைக்கும். முழு இன்சூரன்ஸ் எடுத்தால் அந்தத் தொகை குறையும், சில இடங்களில் பிடிப்பதே இல்லை.

கிளம்பும் முன் வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை ஆன் செய்யுங்கள். ரிசர்வ் வங்கியின் 2020 விதிப்படி இந்தியக் கார்டுகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்த நிலையில் வருகின்றன. கடை மெஷின், ஏடிஎம், ஆன்லைன், தொடாமல் செலுத்துவது ஆகிய நான்குக்கும் தனித்தனிச் சுவிட்ச் இருக்கும், நான்கையும் பாருங்கள். நான்கு இலக்க பின் எண் மனப்பாடமாக இருக்க வேண்டும். ஆளில்லாத பெட்ரோல் பங்க்கில் அது இல்லாமல் ஒரு சொட்டு வராது. ரூபே கார்டை நம்பிப் போகாதீர்கள். விசா அல்லது மாஸ்டர்கார்டில் இரண்டு வைத்திருப்பது பாதுகாப்பு.

சின்ன கார் போதுமா, நான்கு சக்கர இயக்க வண்டிதான் வேண்டுமா?

ஜூன் முதல் செப்டம்பர் வரை, ஒன்றாம் எண் சாலையும் அதையொட்டிய இடங்களும் மட்டும் என்றால் யாரிஸ் அளவுள்ள சாதாரண கார் போதும். சுற்றுச்சாலை முழுவதும் இப்போது தார் போட்டது. உள்நாட்டு மேட்டுநிலத்தில் 'எஃப்' என்று தொடங்கும் எண்ணுள்ள சாலைகளில் போக வேண்டுமானால் நான்கு சக்கர இயக்கம் சட்டப்படியே கட்டாயம்.

இதில் ஒரு குழப்பம் வருகிறது. ஐஸ்லாந்து வாடகைச் சந்தையில் எங்கு பார்த்தாலும் டாசியா டஸ்டர் இருக்கும். நம் ஊரில் ரெனோ டஸ்டர் என்று ஓடிய அதே வண்டி. பெயர் டஸ்டர் என்பதாலேயே அது நான்கு சக்கர இயக்கம் ஆகிவிடாது, இரண்டு சக்கர இயக்க டஸ்டரும் உண்டு. முன்பதிவில் '4×4' என்று எழுத்தில் இருக்கிறதா, ஒப்பந்தத்தில் 'எஃப் சாலைக்கு அனுமதி' என்று இருக்கிறதா, இரண்டையும் பாருங்கள்.

பெட்டிகளையும் யோசியுங்கள். நான்கு பெரியவர்களும் நான்கு பெரிய சூட்கேஸும் ஒரு டஸ்டருக்குள் அடங்காது. இரண்டு பெரிய பெட்டி, இரண்டு கைப்பெட்டி, இடுக்குகளில் பைகள், அவ்வளவுதான். ஜிம்னி எடுத்தால் பின் இருக்கையை மடித்தால்தான் சாமானுக்கு இடம், அதாவது இருவருக்கு மட்டும். கியர் மாற்றுவதற்கு வலது கை பழகாதவர்கள் ஆட்டோமேட்டிக் எடுக்கட்டும். கூடுதல் கட்டணம் வீண் போகாது.

இன்சூரன்ஸில் எதை எடுக்க வேண்டும், எதை விடலாம்?

வாடகைக்குள்ளேயே பொதுவாகச் சேர்ந்து வருவது சிடிடபிள்யூ. மோதல் சேதத்தில் ஒரு வரம்புக்கு மேல் உள்ளதை நிறுவனம் ஏற்கும், வரம்பு வரை நீங்கள் கட்ட வேண்டும். அந்த வரம்பு வண்டியைப் பொறுத்துச் சில லட்சம் ஐஸ்லாந்துக் குரோனா வரை போகும். எஸ்சிடிடபிள்யூ எடுத்தால் வரம்பு கீழே இறங்கும். இவை இரண்டும் எந்த நாட்டிலும் உள்ளவைதான். ஐஸ்லாந்துக்கே உரியவை அடுத்த இரண்டு.

ஜிபி என்பது ஜல்லிப் பாதுகாப்பு. எதிர் வண்டியின் டயர் எறியும் கல் கண்ணாடி, விளக்கு, முன்பக்கப் பெயின்ட் இவற்றில் படும்போது இது காக்கும். இதைக் கட்டாயம் எடுங்கள். தார்ச்சாலையிலேயே கூட ஓரத்து ஜல்லி தெறிக்கிறது. கண்ணாடியில் கல் பட்ட புள்ளி ஓரிரவுக் குளிரில் நீளமான கீறலாகி, மறுநாள் முழுக் கண்ணாடியையும் மாற்ற வேண்டி வரும்.

எஸ்ஏஏபி என்பது மணல், சாம்பல் பாதுகாப்பு. தென்கரையில் மீர்தால்ஸ்சாந்துர், ஸ்கெய்தராசாந்துர் என்ற கறுப்பு மணல்வெளிகளைச் சாலை கடக்கிறது. பலத்த காற்றில் அந்த எரிமலை மணல் பறந்து வண்டியின் ஒரு பக்கப் பெயின்ட்டை உரித்துவிடும், கண்ணாடியை மங்கலாக்கிவிடும். முழு வண்டிக்கும் பெயின்ட் அடிக்கும் செலவு உங்கள் தலையில் விழும். தென்கரை வழியே போகிற எவருக்கும் இதைப் பரிந்துரைக்கிறோம். தனித்தனியாகச் சேர்ப்பதைவிட எல்லாம் அடங்கிய பூஜ்ய வரம்புத் திட்டம் மலிவாக வருகிறதா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பல நேரம் அப்படித்தான் வரும்.

இனி முக்கியமானது. 'முழுப் பாதுகாப்பு' என்று எழுதியிருந்தாலும் சில சேதங்கள் பெரும்பாலான ஒப்பந்தங்களில் உங்களுடையவைதான்: ஆற்றைக் கடக்கும்போது எஞ்சினுக்குள் போன தண்ணீர், வண்டியின் அடிப்பகுதியில் கல் இடித்தது, காற்று பிடுங்கிய கதவு, தவறான எரிபொருள், சாலைக்கு வெளியே ஓட்டியது, மூடிய சாலைக்குள் நுழைந்தது, தொலைந்த சாவி. விலக்குப் பட்டியலை முன்பதிவு செய்யும் நாளிலேயே வீட்டில் உட்கார்ந்து படியுங்கள். கவுண்டரில் பின்னால் இருபது பேர் நிற்கும்போது படிக்க முடியாது.

இந்தியாவில் எடுத்த பயண இன்சூரன்ஸும் கிரெடிட் கார்டு சலுகையும் உதவுமா?

உதவினாலும் அவை பின்னால் பணம் திருப்பித் தருபவை. முதலில் வாடகை நிறுவனம் உங்கள் கார்டில் முழுத் தொகையையும் எடுத்துவிடும். ரசீது, சேத அறிக்கை எல்லாம் வைத்து நீங்கள் பிறகு கேட்டு வாங்க வேண்டும். ஜல்லி, மணல் சேதம் அந்தத் திட்டங்களில் அடங்குமா என்று எழுத்தில் கேளுங்கள்.

வண்டியை வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

அவசரப்படாமல் 10 நிமிடம் ஒதுக்குங்கள். மழையில் நனைந்த வண்டியில் கீறல் தெரியாது, கையுறையாலோ துணியாலோ துடைத்துவிட்டுப் பாருங்கள். இருட்டாக இருந்தால் போனின் டார்ச்சைச் சாய்வாக அடித்தால் நெளிவு தெரியும். வண்டியைச் சுற்றி ஒரே வீடியோவாக எடுங்கள், தேதி பதிவாகும். முன்கண்ணாடியின் கீழ் ஓரம், நான்கு சக்கர வளையங்கள், முன் பம்பரின் அடிப்பகுதி, கூரையின் முன்விளிம்பு, கதவு விளிம்புகள் ஆகியவற்றைத் தனிப் படமாக எடுங்கள். பின்னால் தகராறு வருவது பெரும்பாலும் இந்த இடங்களில்தான். ஒவ்வொரு கதவையும் மெதுவாகத் திறந்து மூடுங்கள். கீல் பக்கம் உரசும் சத்தம் வந்தால் முன்பே காற்றில் வளைந்த கதவாக இருக்கலாம், அதை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.

எரிபொருள் மூடியைத் திறந்து பெட்ரோலா டீசலா என்று பாருங்கள். ஸ்டெப்னி இருக்கிறதா, அல்லது ஒட்டும் மருந்தும் காற்றடிக்கும் கருவியும் மட்டுமா? ஜாக்கி எங்கே? விளக்குச் சுவிட்சையும் பாருங்கள். ஐஸ்லாந்தில் பகலிலும் விளக்கு எரிய வேண்டும் என்பது சட்டம். 'ஆட்டோ' நிலையில் விட்டால் பல கார்களில் பகலில் முன்விளக்கு மட்டும் எரியும், பின்விளக்கு இருண்டு கிடக்கும். மூடுபனியிலும் மணற்புயலிலும் பின்னால் வருகிறவனுக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள். கையால் திருப்பி 'ஆன்' நிலையில் வையுங்கள்.

விமானம் அதிகாலையில் இறங்குகிறது. நேரே தென்கரைக்கு ஓட்டிவிடலாமா?

வேண்டாம். இந்தியாவிலிருந்து குறைந்தது ஒரு இடத்தில் மாறி, இரவுத் தூக்கம் கெட்டு வந்திருப்பீர்கள். சாலையின் பக்கமும் மாறியிருக்கிறது. ரெய்க்யவிக் சுமார் 50 கி.மீ. தான். அங்கேயோ கெஃப்லவீக்கிலேயோ தூங்கி, மறுநாள் காலை தொடங்குங்கள். முதல் நாள் வாடகை மிச்சமாக, வண்டியையே மறுநாள் எடுத்துக்கொள்வது இன்னும் நல்லது.

வலப்பக்கம் ஓட்டுவது கஷ்டமா?

நேர்ச்சாலையில் அரைமணி நேரத்தில் பழகிவிடும். தவறு நடப்பது வேறு இடங்களில். காலையில் காலிச் சாலைக்கு வண்டியை எடுக்கும்போது, பெட்ரோல் பங்க்கிலிருந்து வெளியேறும்போது, இடப்பக்கம் திரும்பும்போது கை பழைய பக்கத்துக்கே போகும். பக்கத்தில் உட்காருபவர் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் 'வலப்பக்கம்' என்று வாய்விட்டுச் சொல்லட்டும்.

அதைவிட ஆபத்தானது, நினைக்காத ஒன்று. நாம் காரின் வலப்பக்கத்தில் உட்கார்ந்து பழகியவர்கள். நம் வலது தோளுக்கு அப்பால் கதவு மட்டும்தான், வண்டியின் உடம்பு முழுக்க இடப்பக்கம். அங்கே இருக்கை இடப்பக்கம் போய்விடுகிறது, ஆனால் கண்ணும் கையும் பழைய கணக்கிலேயே இருக்கின்றன. விளைவு, வண்டி தன்னையறியாமல் வலது ஓரம் நோக்கி நகரும். நம் ஊர் நெடுஞ்சாலையில் ஓரத்தில் மண் இடம் இருக்கும். சுற்றுச்சாலையின் பெரும்பகுதியில் தார் முடிந்த கையோடு ஜல்லிச் சரிவு தொடங்கிவிடும். வலது சக்கரங்கள் அதில் இறங்கியதும் பதறி ஸ்டீயரிங்கை இடப்பக்கம் வெட்டினால், சக்கரம் தாரைப் பிடிக்கும் நொடியில் வண்டி எதிர்த்தடத்துக்குப் பாயும், அல்லது கவிழும். சக்கரம் இறங்கிவிட்டால் ஸ்டீயரிங்கை நேராகப் பிடியுங்கள். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள், பிரேக்கை அழுத்தாதீர்கள். வேகம் நன்றாகக் குறைந்தபின் மெதுவாக மேலே ஏற்றுங்கள். முதல் இரண்டு நாள் இடது பக்கக் கண்ணாடியில் நடுக்கோட்டைப் பார்த்து, அதற்கு ஓரளவு நெருக்கமாகவே ஓட்டப் பழகுங்கள்.

இன்னொரு சின்ன விஷயம், மாருதி, ஹூண்டாய் ஓட்டிப் பழகியவர்களுக்கு இண்டிகேட்டர் வலது கையில். அங்கே இடது கையில். திரும்ப நினைத்தால் வைப்பர் ஓடும்.

வேக வரம்பும் மற்ற விதிகளும் என்ன?

ஊருக்குள் 50, ஜல்லிச்சாலையில் 80, தார்ச்சாலையில் 90 கி.மீ. கேமராக்கள் உண்டு. அபராதச் சீட்டு வாடகை நிறுவனத்துக்குப் போய், அவர்கள் தங்கள் கட்டணத்தையும் சேர்த்து உங்களுக்கு அனுப்புவார்கள். மது அருந்தினால் வண்டியைத் தொடாதீர்கள். 2020இல் நடைமுறைக்கு வந்த போக்குவரத்துச் சட்டம் இரத்த வரம்பை ஆயிரத்தில் 0.5 என்பதிலிருந்து 0.2 ஆகக் குறைத்தது. ஒரே ஒரு பீர்கூட ஆபத்துதான்.

இரட்டைத்தட ரவுண்டானாவில் உள்வட்டத்தில் வருபவருக்கே முன்னுரிமை. வெளிவட்டத்தில் இருப்பவர் அவர் வெளியேற வழிவிட வேண்டும். இது ஐஸ்லாந்தின் தனி விதி. முதல் வழியிலேயே வெளியேறுவதற்கு மட்டும் வெளிவட்டத்தைப் பயன்படுத்துங்கள்.

ஒற்றைத்தடப் பாலங்கள் தென்கிழக்கில் அதிகம். 'எயின்ப்ரெய்த் ப்ரூ' என்ற பெயர்ப்பலகை முன்கூட்டியே வரும். பாலத்தை முதலில் நெருங்குபவர் முதலில் போவார். எதிரில் வண்டி தெரிந்தால், யார் அருகில் என்ற சந்தேகம் வந்தாலே வேகத்தைக் குறைத்து நில்லுங்கள். 'பிளிந்தஹைத்' என்றால் மேட்டுக்கு அப்பால் தெரியாத இடம். வலது ஓரமாக, வேகம் குறைத்து ஏறுங்கள்.

படம் எடுக்கச் சாலையில் நிறுத்தாதீர்கள், ஓரமாகவும் நிறுத்தாதீர்கள். ஓரம் என்ற ஒன்றே அங்கே இல்லை. ஒதுக்கிய இடம் வரும்வரை போங்கள். கோடையில் ஆடுகள் அவிழ்த்துவிடப்பட்டு மேயும். தாயாடு ஒரு பக்கமும் குட்டி மறுபக்கமும் நின்றால், உங்கள் சத்தம் கேட்டதும் குட்டி தாயிடம் ஓடி வரும் என்றே நினைத்து வேகத்தைக் குறையுங்கள்.

ஜல்லிச்சாலையில் எப்படி ஓட்டுவது?

வரம்பு 80 என்றாலும் 50–60 தாண்டாதீர்கள். 'மால்பிக் எண்டார்' என்ற பலகை தார் முடிவதைச் சொல்கிறது. விபத்து நடப்பது ஜல்லியின் நடுவே அல்ல, தார் முடியும் அந்த இடத்தில்தான். 90இல் வந்து ஜல்லியில் ஏறியதும் பிரேக் போட்டால் சக்கரம் உருண்டைக் கற்கள் மேல் வழுக்கும். பலகைக்கு முன்பே தாரின் மேலேயே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். எதிரில் வண்டி வந்தால் இருவரும் மெதுவாகி விலகிக் கடந்தால் கண்ணாடி தப்பும்.

காற்றைப் பற்றி ஏன் இவ்வளவு எச்சரிக்கிறார்கள்?

கதவு பிடுங்குவது ஐஸ்லாந்தில் வாடகைக் கார்களுக்கு மிகச் சாதாரணமாக நடக்கும் சேதம், பெரும்பாலும் இன்சூரன்ஸில் வராத சேதம். பின்னாலிருந்து காற்று வீசும்போது கதவைத் திறந்தால், கையிலிருந்து பறித்து முன்பக்கமாக மடக்கும். கீல் வளையும், கதவின் முன்விளிம்பு பக்கத் தகட்டில் மோதி நசுங்கும். பிறகு கதவு மூடாது, கயிறு கட்டித்தான் ஓட்ட வேண்டும்.

நிறுத்தும்போது வண்டியின் மூக்கு காற்றைப் பார்க்கட்டும். அப்போது காற்று கதவை மூடத்தான் பார்க்கும், திறக்காது. ஒரு கையால் கதவுப் பிடியையும் மறு கையால் சட்டத்தையும் பிடித்துக்கொண்டு கொஞ்சமாகத் திறங்கள். ஒரு நேரத்தில் ஒரு கதவு. பின் இருக்கையில் குழந்தைகள் இருந்தால் சைல்டு லாக் போட்டு, பெரியவர் வெளியே வந்து திறக்கட்டும்.

காற்றின் வேகம் அங்கே நொடிக்கு மீட்டரில் சொல்லப்படும். 10 என்றால் ஸ்டீயரிங்கில் உணர்வீர்கள். 15 என்றால் உயரமான வண்டியும் கேம்பர் என்னும் படுக்கை வேனும் நிதானிக்க வேண்டும். 20 என்றால் மணிக்கு 72 கி.மீ., எங்கே இருக்கிறீர்களோ அங்கேயே இருங்கள் என்பது எங்கள் கருத்து. சராசரியைவிடத் திடீர் வீச்சுதான் கவிழ்க்கும். ஆபத்தான இடங்களுக்கு முன்னால் மின்பலகைகள் காற்றையும் வீச்சையும் காட்டும். எய்யாஃப்யோல் மலையடிவாரம், க்யாலார்னெஸ், ஹாப்னார்ஃப்யாட்ல் ஆகிய இடங்கள் இதற்குப் பேர்போனவை. மலை இடுக்கிலிருந்து காற்று திடீரென்று இறங்கும்.

எஃப் சாலையில் போகலாமா? ஆற்றைக் கடப்பது எப்படி?

மேட்டுநிலச் சாலைகள் பனி உருகி, ஜூன் நடுவிலிருந்து ஜூலைக்குள் ஒவ்வொன்றாகத் திறக்கும், செப்டம்பரில் மூடத் தொடங்கும். அதற்கு முன் போனால் ஈர மண் கிழிந்துவிடும் என்பதால்தான் மூடி வைக்கிறார்கள். சாலையை விட்டு விலகி ஓட்டுவது எந்தக் காலத்திலும் குற்றம், கடும் அபராதம். ஒரு டயர் தடத்தை அந்தப் பாசி ஆற்றிக்கொள்ளப் பல பத்தாண்டுகள் ஆகும், தயவுசெய்து ஒரு படத்துக்காகக்கூட இறங்காதீர்கள்.

ஆற்றுத் தண்ணீரால் எஞ்சின் போனால் பெரும்பாலான திட்டங்கள் காக்காது என்பதை நினைவில் வைத்துத் தீர்மானியுங்கள். பனியாற்று நீர் மதியத்துக்குமேல் உருகி ஏறும், காலையில் தாழ்ந்திருக்கும். நடந்து கடக்கத் துணியாத ஆற்றை வண்டியில் கடக்காதீர்கள். தாழ்ந்த கியரில், நிற்காமல், மெதுவாக, நீரோட்டத்தோடு சற்றுச் சாய்வாகப் போக வேண்டும். நடுவில் கியர் மாற்றக் கூடாது. தோர்ஸ்மோர்க் பள்ளத்தாக்கின் க்ரோஸ்ஸா ஆற்றில் வாடகை டஸ்டரை இறக்கவே இறக்காதீர்கள். உயர்சக்கரப் பேருந்து அங்கே போகிறது, அதில் ஏறிக்கொள்ளுங்கள்.

35ஆம் எண் க்யோலூர், 550ஆம் எண் கால்திதாலூர் ஆகியவற்றின் எண்ணில் 'எஃப்' இல்லை. ஆனாலும் பல நிறுவனங்கள் சாதாரண காரை அவற்றில் அனுமதிப்பதில்லை. ஒப்பந்தத்தில் எண் பார்த்து உறுதி செய்யுங்கள்.

கூகுள் மேப் காட்டும் வழியில் போகலாமா?

பெரும்பாலும் போகலாம். ஒரு விதிவிலக்கு, கிழக்கில் த்யூபிவோகரிலிருந்து எகில்ஸ்டாதிருக்குப் போகும்போது மேப் 939ஆம் எண் ஓக்சி சாலையைக் குறுக்குவழியாகக் காட்டும். அறுபது கிலோமீட்டருக்கு மேல் மிச்சம்தான். ஆனால் அது செங்குத்தான ஜல்லி மலைப்பாதை, பல இடங்களில் தடுப்பு இல்லை, மேலே மூடுபனி, குளிர்காலத்தில் மூடியிருக்கும். வானம் தெளிவாக இருக்கும் கோடை நாளில், ஜல்லி பழகியவர் மட்டும் போகட்டும். மற்றவர்கள் கடலோர ஒன்றாம் எண்ணிலேயே சுற்றிப் போங்கள். டெட்டிஃபோஸ் அருவிக்கும் இரண்டு வழி உண்டு. மேற்கே 862 தார், கிழக்கே 864 கரடுமுரடான ஜல்லி.

எந்த வழியானாலும் காலையில் கிளம்பும் முன் உம்ஃபெர்தின் (umferdin.is) தளத்தில் சாலை நிலையையும் வேதுர் (vedur.is) தளத்தில் காற்றையும் பாருங்கள். சாலைத் தகவலுக்கு 1777, ஆபத்துக்கு 112.

பெட்ரோல் பங்க் எப்படி வேலை செய்கிறது?

நீங்களே நிரப்ப வேண்டும். கார்டைச் செருகி, பின் எண் அடித்து, தொகையைத் தேர்ந்தெடுத்து, பம்ப் எண்ணை அழுத்தினால் குழாய் திறக்கும். 'முழு டேங்க்' என்று தேர்ந்தெடுத்தால் மெஷின் ஒரு பெரிய தொகையைக் கார்டில் பிடித்துவைத்துப் பிறகு உண்மைத் தொகையை எடுக்கும். கார்டில் அவ்வளவு வரம்பு இல்லையென்றால் மறுத்துவிடும். ஃபாரெக்ஸ் கார்டில் பிடித்த தொகை திரும்பச் சில நாள் ஆகும். அதனால் குறிப்பிட்ட தொகைக்கு அடிப்பதே மேல். கார்டு வேலை செய்யாமல் போகலாம் என்ற பயம் இருந்தால், ஆள் இருக்கும் என்1 நிறுவனப் பங்க்கில் முன்பணக் கார்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

'பென்சீன்' என்றால் பெட்ரோல். அதை டீசல் என்று நினைத்துவிடாதீர்கள். தவறாக நிரப்பியது தெரிந்தால் சாவியைத் திருப்பாமல் நிறுவனத்தைக் கூப்பிடுங்கள், ஸ்டார்ட் செய்தால் செலவு பல மடங்கு. தென்கரை ஊரான வீக் தாண்டினால் பாதி டேங்க்குக்குக் கீழே போகவிடாதீர்கள். 2024 ஜனவரியில் மின்சாரக் கார்களுக்கு வந்த கிலோமீட்டர் கணக்கு வரி, 2026 ஜனவரி முதல் எல்லாக் கார்களுக்கும் உண்டு. அது வாடகைக்குள் அடங்கியதா என்று கேளுங்கள்.

சுங்கச்சாவடி, பார்க்கிங் கட்டணம் எவ்வளவு வரும்?

சுற்றுச்சாலையில் கட்டணம் உள்ளது ஒரே இடத்தில், வடக்கு நகரமான ஆக்குரேரி அருகே வாத்லஹெய்தி சுரங்கத்தில். சாவடி கிடையாது, கேமரா நம்பர் பிளேட்டைப் படித்துக்கொள்ளும். வெக்யால்ட் (veggjald.is) தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு அன்றைக்கே கட்டிவிடுங்கள். விட்டால் நிறுவனத்தின் சேவைக் கட்டணமும் சேர்ந்து வரும். கட்ட விரும்பாதவர் வீக்கர்ஸ்கார்த் கணவாய் வழியாகச் சுமார் 16 கி.மீ. கூடுதலாகச் சுற்றிப் போகலாம். ரெய்க்யவிக்குக்கு வடக்கே ஹ்வால்ஃப்யோர்துர் கடலடிச் சுரங்கம் 2018 முதல் இலவசம்.

திங்வெட்லிர், செல்யாலண்ட்ஸ்ஃபோஸ், ஸ்காஃப்டாஃபெல் போன்ற இடங்களில் பார்க்கிங்குக்குப் பணம். அங்கும் கேமராதான். வாசலில் ஆள் இல்லை என்பதால் இலவசம் என்று நினைக்காதீர்கள். பார்கா செயலியை இறக்கி, வண்டி எண்ணை முதல் நாளே பதிந்து வைத்தால் வேலை சுலபம்.

எத்தனை நாள் வேண்டும்?

கோடையில் 7 நாள் நெருக்கடி, 10 நாள் நிதானம். ரெய்க்யவிக்–வீக் 187 கி.மீ., வீக்–ஹோப்ன் சுமார் 270, ஆக்குரேரி–ரெய்க்யவிக் 388. எண்களைப் பார்த்து ஒரே நாளில் இரண்டு பகுதிகளைச் சேர்க்காதீர்கள். வீக்–ஹோப்ன் நடுவில்தான் ஸ்காஃப்டாஃபெல்லும் யோக்குல்சார்லோன் பனிக்குளமும் இருக்கின்றன. திட்டத்தில் ஒரு நாளைக் காலியாக விடுங்கள். காற்றோ பனியோ சாலையை மூடினால் அந்த நாள்தான் உங்கள் விமானத்தைக் காப்பாற்றும். தங்குமிடங்களில் ரத்து செய்யக்கூடிய கட்டணத்தை எடுப்பதும் இதற்காகத்தான்.

குளிர்காலத்தில் போகலாமா?

பனிச்சாலை ஓட்டிப் பழகாதவர்கள் முழுச் சுற்று போக வேண்டாம். ரெய்க்யவிக்கில் தங்கி, வடவொளிக்கும் தென்கரைக்கும் பேருந்துச் சுற்றுலா எடுங்கள். டிசம்பரில் வெளிச்சம் நான்கைந்து மணி நேரம்தான். பிடிவாதமாகப் போனால் நான்கு சக்கர இயக்கமும் ஆணி பதித்த டயரும் வேண்டும். நவம்பர் தொடக்கத்திலிருந்து ஏப்ரல் நடுவரை ஆணி டயருக்கு அனுமதி உண்டு. 'லோகாத்' என்ற பலகையோ தடுப்போ இருந்தால் சாலை மூடியது. கேட்டைச் சுற்றிப் போனால் இன்சூரன்ஸ் செல்லாது. உங்களைத் தூக்கிவர வருபவர்களோ வேலையை விட்டுவிட்டு வரும் தன்னார்வலர்கள்.

குழந்தை இருக்கை கட்டாயமா?

135 செ.மீ. உயரத்துக்குக் கீழே என்றால் கட்டாயம். முன்பதிவின்போதே எடையும் உயரமும் சொல்லிக் கேளுங்கள்.

இரவில் வண்டியிலேயே தூங்கலாமா?

முகாம் தளத்தில் மட்டும். பார்க்கிங்கிலோ சாலையோரத்திலோ கேம்பரை நிறுத்தித் தூங்குவதற்கு நில உரிமையாளரின் அனுமதி வேண்டும்.

பஞ்சரோ விபத்தோ ஆனால்?

அடிபட்டிருந்தால் முதலில் 112. பிறகு அபாய விளக்கு, முக்கோணம், படம். டேஷ்போர்டில் விபத்து அறிக்கைப் படிவம் இருக்கும். இரு ஓட்டுநர்களும் நிரப்பிக் கையெழுத்திட வேண்டும். நிறுவனத்தைக் கேட்காமல் எந்தப் பட்டறையிலும் சரிசெய்யாதீர்கள். டயர் சேதம் பல திட்டங்களில் தனி, பஞ்சர் ஒட்டும் செலவு உங்களுடையது. டயர் தட்டையானபின் அருகிலுள்ள ஊர்வரை ஓட்டிவிடலாம் என்று போனால் வளையமும் போய்விடும்.

திருப்பிக் கொடுக்கும்போது?

கெஃப்லவீக்கை ஒட்டிய பங்க்கில் டேங்க்கை நிரப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். பல பங்க்குகளில் தண்ணீர்க் குழாயும் பிரஷும் இலவசம். முதலில் வெறும் தண்ணீரில் மண்ணை இறக்கிவிட்டுப் பிறகு பிரஷ் போடுங்கள். மணலோடு தேய்த்தால் நீங்களே கீறல் போட்டதாகிவிடும். அதிகச் சேறோடு விட்டால் கழுவும் கட்டணம் வரலாம்.

பல நிறுவனங்களின் அலுவலகம் டெர்மினலிலிருந்து தள்ளி இருக்கும், ஷட்டில் பேருந்துக்கு முக்கால் மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆள் இருக்கும் நேரத்தில் விட்டு, 'சேதம் இல்லை' என்று எழுதி வாங்குவது சிறந்தது. அதிகாலை விமானம் என்றால் சாவியைப் பெட்டியில் போடும் முன் எடுத்த அதே கோணங்களில் மறுபடி வீடியோ எடுங்கள், கிலோமீட்டரும் எரிபொருள் முள்ளும் தெரியட்டும். அபராதமும் பார்க்கிங்கும் சில வாரம் கழித்துக்கூடக் கார்டில் ஏறலாம். அதுவரை படங்களை அழிக்காதீர்கள். புரியாத தொகை ஏறினால் நிறுவனத்திடம் மின்னஞ்சலில் விவரமும் சேதப் படமும் கேளுங்கள். பதில் திருப்தியில்லை என்றால் அந்த மடல்களோடு உங்கள் வங்கியில் மறுப்புக் கோரிக்கை போடுங்கள். அதற்கு நாள் வரம்பு உண்டு, ஸ்டேட்மென்ட் வந்த அன்றே பார்த்துவிடுங்கள்.